ஆடு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

2003 கால்நடைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் இருந்த ஆடுகள் ஏறக்குறைய 1 கோடியே 38 லட்சம். 2019 கணக்கெடுப்பில் அது 1 கோடியே 44 லட்சம். பதினாறு வருஷத்தில் ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை. பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துத் தாளை மூடிவிடத் தோன்றும். மூடிவிட்டால், தமிழ்நாட்டு மேய்ச்சல் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றம் ஒன்று நம் கண்ணில் படாமலே போய்விடும்.

'ஆடு' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு பிராணிகளை அடைத்து வைத்திருக்கிறோம். பிரித்துப் பாருங்கள். 2003இல் செம்மறி 55.93 லட்சம், வெள்ளாடு 81.77 லட்சம். 2019இல் செம்மறி 45 லட்சம், வெள்ளாடு 98.88 லட்சம். செம்மறி ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வெள்ளாடு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இரண்டையும் கூட்டியதும் ஏற்றம் இறக்கத்தை மறைத்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1960களில் இங்கே வெள்ளாட்டைவிடச் செம்மறிதான் அதிகம். இன்றைக்கு ஒரு செம்மறிக்கு இரண்டு வெள்ளாடு என்ற கணக்கு.

ஒரு வட்டாரத்தில் ஆடு கூடுகிறதா குறைகிறதா என்பதை நீண்ட காலத்துக்குப் பார்ப்பது எப்படி, அந்த எண்களை எப்படி நம்புவது, எங்கே சந்தேகப்படுவது என்பதைத் தமிழ்நாட்டை வைத்தே சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் இந்த இரண்டு பிராணிகளும் எதில் வேறுபடுகின்றன என்பது தெரிய வேண்டும். செம்மறி தலையைக் குனிந்து புல் மேயும். கூட்டமாகப் போகும், கூட்டமாக நிற்கும். வால் தொங்கும். வெள்ளாட்டுக்கு வால் நிமிர்ந்திருக்கும், தலையும் நிமிர்ந்திருக்கும். புல்லைவிட இலை தழைதான் அதற்கு இஷ்டம். பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலை வேலிமேல் ஊன்றி, கருவேலங்கிளையை வளைத்துத் தின்னும். செம்மறி பெரும்பாலும் ஈத்துக்கு ஒரு குட்டி போடும். நம் வெள்ளாட்டு இனங்களான கன்னி ஆடோ கொடி ஆடோ இரட்டைக் குட்டி போடுவது சர்வ சாதாரணம். இரண்டுக்கும் சினைக்காலம் ஐந்து மாதம்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வெள்ளாடு இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து ஈனும். இந்தச் சின்ன வித்தியாசங்கள் முப்பது நாற்பது வருஷத்தில் ஒரு மாநிலத்தின் மந்தையையே மாற்றிவிடுகின்றன.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் முதல் கால்நடைக் கணக்கெடுப்பு 1919–20இல் நடந்தது. பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக முடிவு முழுமையாகக் கையில் இருப்பது 20ஆவது கணக்கெடுப்பு, 2019. அதற்கு முந்தையது 2012, அதற்கு முன் 2007, அதற்கும் முன் 2003. இடைவெளிகள் ஒரே அளவில் இல்லை என்பதைக் கவனியுங்கள்: நான்கு வருஷம், ஐந்து வருஷம், ஏழு வருஷம். அதனால் "போன கணக்கெடுப்பைவிட இத்தனை சதவீதம்" என்று செய்தியில் படிக்கும்போது, எத்தனை வருஷத்தில் என்று உடனே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கெடுப்பு என்பது ஓடுகிற பேருந்தை ஒரு போட்டோ எடுப்பது மாதிரி. அந்த நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியும். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது தெரியாது. ஆட்டுக்கு இது ரொம்பவே பொருந்தும். மாடு பல வருஷம் வீட்டில் இருக்கும். ஆட்டுக்கிடாய் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ சந்தைக்குப் போய்விடும். தீபாவளிக்கு முன்னால் எண்ணினால் ஒரு கணக்கு, தீபாவளி முடிந்து எண்ணினால் வேறு கணக்கு. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சனிக்கிழமைகளில் எட்டயபுரம் சந்தையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

இன்னொன்று, ஆடு ஓரிடத்தில் நிற்காது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக மந்தை ஓட்டிப் போகும் ஆட்டுக்காரர்கள், காவிரிப் படுகையில் அறுவடை முடிந்ததும் மந்தையோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார்கள். அறுத்த வயலில் எருவுக்காக மந்தையை ராத்திரி அடைத்துக் கிடை போட்டு, அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் அங்கேயே சுற்றுவார்கள். அந்தச் சமயத்தில் எண்ணினால் அந்த ஆடு எந்த மாவட்டத்துக் கணக்கு? சொந்த ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். வயலில் நிற்கும் கிடைக்கு வீட்டு எண் கிடையாது. மாநில அளவில் ஓரளவு சரியாகிவிடும், மாவட்ட அளவில் கணக்கு தடுமாறும்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கிடையில் ஒரு சாயங்காலம் நின்றிருக்கிறேன். ஆடுகள் பட்டிக்குள் நுழைகிற நேரம். பெரியவர் படலை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆடும் உள்ளே போகும்போது அதன் முதுகில் விரல் படுகிற மாதிரி கையை நீட்டி வைத்திருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "எத்தனை உருப்படி இருக்கும் தாத்தா?" என்று கேட்டேன். "இருக்கும் ஒரு எம்பது" என்றார். உள்ளே நிச்சயம் நூற்றுக்கு மேல் இருந்தன. நான் பார்த்ததைப் புரிந்துகொண்டு, "எண்ணிச் சொல்லக்கூடாது தம்பி, கண்ணு பட்டுரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வழக்கத்தில் அதுதான் முறை. ஆனால் கணக்கெடுக்கப் போகிறவர் இந்த 'எம்பதை' எழுதிக்கொண்டு வந்தால், மாநிலம் முழுக்க எத்தனை ஆடு காகிதத்துக்கு வராமல் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இலவசமாக ஏதாவது கிடைக்கும் என்ற பேச்சு ஊரில் இருந்தால் இதே எண் எதிர்ப்பக்கமாகவும் நகரலாம்.

2007 என்ற மலை

தமிழ்நாட்டுச் செம்மறி எண்களை வரிசையாக வைக்கிறேன். 2003இல் 55.93 லட்சம். 2007இல் 79.91 லட்சம். 2012இல் 47.87 லட்சம். 2019இல் 45 லட்சம்.

2007 மட்டும் தனியாக நிமிர்ந்து நிற்கிறது. நான்கே வருஷத்தில் 24 லட்சம் செம்மறி கூடி, அடுத்த ஐந்து வருஷத்தில் 32 லட்சம் காணாமல் போயின என்று இதற்கு அர்த்தமா? நான் அப்படிப் படிக்க மாட்டேன். முன்னாலும் பின்னாலும் இருக்கும் எண்கள் எல்லாம் 45க்கும் 56க்கும் இடையே இருக்கும்போது, நடுவில் ஒன்று மட்டும் 80ஐத் தொட்டால், ஆட்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் எண்ணிய விதத்தைச் சந்தேகப்பட வேண்டும். உண்மையிலேயே ஒரு ஏற்றம் இருந்திருக்கலாம். அது இவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எந்த வருஷத்தை ஆரம்பமாக வைக்கிறோமோ அதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். 2007இலிருந்து 2019 வரை பார்த்தால் செம்மறி 44 சதவீதம் விழுந்திருக்கிறது, கேட்டாலே பதறும். 2003இலிருந்து பார்த்தால் 20 சதவீதம். 2012இலிருந்து பார்த்தால் வெறும் 6 சதவீதம். மூன்றும் ஒரே அட்டவணையிலிருந்து எடுத்தவை, மூன்றும் கணக்குப்படி சரி. யாராவது ஒரே ஒரு சதவீதத்தை மட்டும் சொல்லி வாதாடினால், ஆரம்ப வருஷத்தை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். போக்கு என்பது இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு அல்ல. பல புள்ளிகளை வைத்து, தனித்து நிற்கும் ஒன்றிரண்டு இழுத்த இழுப்புக்குப் போகாமல், மொத்தத்தில் எண்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பது. இங்கே 2007ஐ வைத்தாலும் எடுத்தாலும் செம்மறியின் எண்கள் கீழ்நோக்கித்தான் சாய்கின்றன. அதனால்தான் அந்த இறக்கத்தை நான் நம்புகிறேன்.

மந்தை வளர்வது எவ்வளவு மெதுவாக!

ஒரு கற்பனை மந்தை. நூறு செம்மறி, அதில் குட்டி போடுகிற நிலையில் 65 பெண்ணாடு. நல்ல வருஷம் என்றால் 60 குட்டி வரும். நோய், நரி, நாய், மழைக்குளிர் எல்லாம் சேர்ந்து பெரிதும் சிறிதுமாக 12 போய்விடும். வீட்டுச் செலவு, பள்ளிக்கூடம், கல்யாணம் என்று 45 விற்க வேண்டியிருக்கும். வருஷக் கடைசியில் 103. மூன்றே மூன்று ஆடு லாபம்.

இப்போது மழை பொய்த்த ஒரு வருஷம். பெண்ணாடுகள் மெலிந்து குட்டி 45 ஆகிவிடும். சாவு 20 ஆகும். செலவு குறையாது, விலையும் படுத்துவிடும். அப்போதும் 45 விற்றால் கையில் மிஞ்சுவது 80. அதற்குப் பிறகு எல்லாம் நல்ல வருஷமாகவே இருந்தாலும், வருஷம் மூன்று சதவீதம் என்ற வேகத்தில் 80 மறுபடி 100 ஆக ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகும். எட்டு வருஷம் தொடர்ந்து நன்றாக மழை பெய்த காலம் தமிழ்நாட்டில் எங்கே? 2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2012இலும் மழை ஏமாற்றியது. ஒரு அடியிலிருந்து எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி. செம்மறி மெதுவாகக் கரைவதற்கு இந்தக் கணக்கே பாதிக் காரணம். வெள்ளாட்டுக்கு இரட்டைக் குட்டி இருப்பதால் அதே அடியிலிருந்து மூன்று நான்கு வருஷத்தில் எழுந்துவிடும்.

வறட்சி வருஷத்தில் இன்னொரு விசித்திரமும் நடக்கும். ஆடு குறைகிற அந்த வருஷத்தில்தான் சந்தைக்கு ஆடு அதிகம் வரும், கறியும் அதிகம் கிடைக்கும். கடையில் நிற்பவருக்கு "ஆடு நிறைய இருக்கிறது" என்றுதான் தோன்றும். பெண்ணாடுகள் சந்தைக்கு வர ஆரம்பித்தால் அது மந்தை உடைகிறதற்கு அடையாளம். குட்டி போடவேண்டிய ஆட்டை யாரும் மனசோடு விற்பதில்லை.

மழை ஒரு பக்கம் இருக்கட்டும். செம்மறி குறைந்ததற்கு எனக்குப் பெரிய காரணமாகப் படுவது நிலமும் ஆளும்தான். செம்மறிக்குத் திறந்த வெளி வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு, கண்மாய்க்கரை, அறுத்த வயல் இதுதான் அதன் சாப்பாட்டுத் தட்டு. புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கும் கட்டடத்துக்கும் போனது. ஊருக்கு வெளியே தரிசாகக் கிடந்தவை பிளாட் போட்டுக் கல் நட்டுக் கம்பிவேலி கட்டப்பட்டன. போர்வெல் வந்த இடங்களில் வயல் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது, மந்தை இறங்க இடைவெளி கிடைப்பதில்லை. யூரியா மூட்டை வந்த பிறகு கிடைக்குக் காத்திருந்த சம்சாரிகள் பல ஊர்களில் குறைந்துவிட்டார்கள். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் இப்போது மறுபடி கிடை தேடிப் போவதைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது.

அப்புறம் ஆள். நூறு செம்மறிக்குப் பின்னால் ஒரு முழு ஆள் வெயிலில் நடக்க வேண்டும், ராத்திரி கிடையில் படுக்க வேண்டும். கீதாரி வீட்டுப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். நான்கு வெள்ளாட்டுக்கு அது தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்து, வேலைக்குப் போய்விட்டு வரும்போது ஒரு கட்டு அகத்திக்கீரையோ வேப்பங்குழையோ ஒடித்துக்கொண்டு வந்தால் போதும். சீமைக்கருவேல் காடாகப் பரவிய தென் மாவட்டங்களில் புல் போனது. அந்த மரத்தின் நெற்று வெள்ளாட்டுக்கு நல்ல தீனி ஆனது. ஒரே மரம் ஒன்றின் தட்டைப் பறித்து இன்னொன்றுக்குக் கொடுத்த மாதிரி.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் மிகவும் ஏழ்மையில் இருக்கும் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடு, ஐந்து வருஷத்தில் ஏழு லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. நான்கு ஆடு என்பதே வீட்டோடு வளர்க்கிற அளவு. ஆடு வளர்ப்பு கிடையிலிருந்து கொல்லைக்கும், ஆண்கள் கையிலிருந்து பெண்கள் கைக்கும் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தத் திட்டமும் அதே திசையில் தள்ளியது. 2012க்கும் 2019க்கும் நடுவில் வெள்ளாடு 21 சதவீதம் ஏறியதில் இதற்கு எவ்வளவு பங்கு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது.

நோயைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில்தான், 1987இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில். காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுகல், கழிச்சல். ஒரு வாரத்தில் பட்டியே காலியாகிவிடும். இப்போது நல்ல தடுப்பூசி இருக்கிறது. மாட்டு வெக்கை நோயை 2011இல் உலகத்தை விட்டே விரட்டிய மாதிரி இதையும் 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன.

மொத்த எண்ணுக்குள் இன்னொரு இழப்பும் ஒளிந்திருக்கிறது. செம்மறி என்று ஒரே கட்டத்தில் எழுதினாலும் அதற்குள் மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு, திருச்சி கருப்பு, கச்சைக்கட்டி கருப்பு, கோயம்புத்தூர்க் குரும்பை, நீலகிரி என்று இத்தனை இனம். 45 லட்சம் என்பது இன்னும் பெரிய எண்தான். ஆனால் நீலகிரிச் செம்மறி மிகவும் அருகிப்போனது. மலையில் புல்வெளிகள் தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் போனதும் அதற்கு இடமில்லாமல் போனது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். நாலு லட்சம் மேச்சேரி கூடி ஒரு நீலகிரி இனம் அழிந்தால், அட்டவணையில் அது வளர்ச்சி என்றுதான் பதிவாகும்.

மாநிலத்தை விட்டு வெளியே ஒரு பார்வை

1951இல் இந்தியா முழுவதும் வெள்ளாடு 4.72 கோடி, செம்மறி 3.91 கோடி. 2019இல் வெள்ளாடு 14.89 கோடி, செம்மறி 7.43 கோடி. வெள்ளாடு மூன்று மடங்குக்கு மேல், செம்மறி இரண்டு மடங்குகூட இல்லை. ஆக, வெள்ளாடு முந்துவது நம் மாநிலத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை.

ஆனால் 2012இலிருந்து 2019 வரை மட்டும் பார்த்தால் நாட்டில் செம்மறி 14 சதவீதம் ஏறியிருக்கிறது, வெள்ளாடு 10 சதவீதம்தான். அப்படியானால் செம்மறி திரும்ப எழுகிறதா? எந்த வட்டாரத்தில் என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். அந்த ஏழு வருஷத்தில் நாடு முழுக்கக் கூடிய செம்மறி சுமார் 92 லட்சம். தெலங்கானாவில் மட்டும் 1.28 கோடி 1.91 கோடி ஆனது. ஆந்திராவில் 1.36 கோடி 1.76 கோடி ஆனது. இந்த இரண்டையும் கூட்டினாலே ஒரு கோடியைத் தாண்டுகிறது. அதாவது இவர்கள் இருவரையும் எடுத்துவிட்டால், மீதி இந்தியாவில் செம்மறி மொத்தமாகக் குறைந்திருக்கிறது. கர்நாடகத்தில் ஏறியிருந்தும் இந்த நிலை. ராஜஸ்தானில் 13 சதவீதம் இறக்கம், நம்மிடம் 6 சதவீதம்.

தெலங்கானாவில் என்ன நடந்தது? 2017 ஜூனில் அங்கே மேய்ச்சல் சமூகங்களான கொல்லா, குருமா குடும்பங்களுக்கு அரசு பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இருபது பெண்ணாடும் ஒரு கிடாயும் ஒரு தொகுதி, விலையில் 75 சதவீதம் மானியம். ஆடுகளை வெளி மாநிலங்களிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மாநிலத்தின் ஏற்றத்தில் ஒரு பகுதி இன்னொரு மாநிலத்தின் இறக்கமாகவும் இருக்க முடியும். அதனால் வட்டாரக் கணக்கைப் பார்க்கும்போது பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் உற்பத்தியும் அதே அளவு குறைய வேண்டும் என்பதும் இல்லை. நியூசிலாந்தில் 1982இல் ஏழு கோடிச் செம்மறி இருந்தது. இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழே. 1984க்குப் பிறகு மானியம் நின்றது, கம்பளி விலை விழுந்தது, மேய்ச்சல் நிலம் பால்மாட்டுக்கும் காட்டு மரத்துக்கும் போனது. ஆனாலும் ஆட்டுக்கறி உற்பத்தி அந்த அளவுக்கு விழவில்லை. ஒரு ஆட்டுக்குக் கிடைக்கும் குட்டியும், ஒரு குட்டியின் எடையும் ஏறிவிட்டன. நம் ஊர்க் கிடையில் பிறந்த குட்டியில் எத்தனை பிழைக்கிறது என்பது மந்தையின் அளவைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

21ஆவது கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. இந்த முறை மேய்ச்சல் குடும்பங்களைப் பற்றிய விவரமும் முதன்முறையாகச் சேகரிக்கப்படுகிறது. ஊர்விட்டு ஊர் போகும் கீதாரிக்குக் கணக்கில் இப்போதுதான் ஒரு இடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டு அட்டவணை கைக்கு வந்ததும் மொத்த எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி, விருதுநகர் வரிசைகளில் செம்மறிக்கு நேராக, ஒரு வயது தாண்டிய பெண்ணாடு என்ற கட்டம் இருக்கும். அதில் 2019ஐவிடக் கூடியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். அடுத்த எட்டு வருஷத்துக் குட்டிகள் எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும்.